பராமரிப்பு வேலையில் இருந்துகொண்டே படிக்க முடியுமா? செந்தூல் சகோதரியின் கேள்விக்கு ஒரு பதில்

செந்தூலில் ஒரு தனியார் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "எஸ்.பி.எம். வரைதான் படித்தேன். முதியோரைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் கூட வேலை செய்த அக்காமார்களைப் பார்த்துப் பழகியதுதான். கோர்ஸுக்கு அனுப்பச் சொன்னால் ஆள் பற்றவில்லை என்கிறார்கள். நீயே பார்த்துப் படித்துக்கொள் என்கிறார்கள். வேலையில் இருந்துகொண்டே நானாகப் படிக்க முடியுமா? எதிலிருந்து தொடங்குவது? அப்படிப் படித்ததற்கு வெளியே மதிப்பு உண்டா?"

கோலாலம்பூரில் தாதியாக இருந்து, பிறகு வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பிலும் பல ஆண்டுகள் இருந்தவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முடியும். நான் பார்த்த நல்ல பராமரிப்பாளர்களில் பலர் வகுப்பறையில் உருவானவர்கள் இல்லை. ஆனால் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய், களைத்துப்போன கண்ணோடு போனில் வீடியோ பார்ப்பதை நான் படிப்பு என்று சொல்ல வரவில்லை. அது பெரும்பாலும் மூன்றாவது நாளே நின்றுவிடும். நின்றால் உங்கள் மேல் தப்பும் இல்லை.

இந்த மாதிரிக் கற்றலைப் பற்றி அதிகம் எழுதியவர் மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர். 1975-இல் அவர் கொடுத்த விளக்கம் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. தனக்கு என்ன தெரியவில்லை என்று தானே கண்டுபிடிப்பது, எதைக் கற்பது என்று முடிவு செய்வது, எதிலிருந்து, யாரிடமிருந்து கற்கலாம் என்று தேடுவது, கற்றது உண்மையில் கைக்கு வந்ததா என்று கடைசியில் சோதிப்பது. இதில் 'யாரிடமிருந்து' என்பது முக்கியம். பிறர் உதவியோடும் செய்யலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிரிட்டனில் 2016 ஏப்ரல் முதல் ஒவ்வொரு தாதியும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது 35 மணி நேரம் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரமாவது மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். வேலையில் நடந்ததை வைத்து ஐந்து குறிப்புகள் எழுதி, இன்னொரு தாதியோடு உட்கார்ந்து அவற்றைப் பேசவும் வேண்டும். படிப்பை முழுவதும் தாதியின் கையில் விட்டிருக்கிற ஒரு நாட்டிலேயே, பாதிக்கு மேல் தனியாகப் படிக்காதே என்று விதி இருக்கிறது.

சரி, எதிலிருந்து தொடங்குவது? பாடத்திட்டத்திலிருந்து வேண்டாம். நாளைக்கு உங்கள் ஷிப்டில் இருக்கும் ஒரு மனிதரிடமிருந்து தொடங்குங்கள். இதை ஒரு உதாரணத்தோடு கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பக்கவாதம் வந்த ஒரு ஐயா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கஞ்சி ஊட்டினால் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். பத்து மணிக்கு மைலோ கொடுத்தால் இருமுகிறார். எல்லா இல்லத்திலும் நடப்பதுதான். "மெதுவா குடிங்க ஐயா" என்று சொல்லி, முதுகைத் தட்டி, வாயைத் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். அங்கே ஒரு நிமிடம் நின்று, கெட்டியான கஞ்சி இறங்குகிறது, தண்ணீர் மாதிரி இருக்கும் மைலோவுக்கு ஏன் இருமுகிறார் என்று யோசித்தால், அதுதான் உங்கள் முதல் பாடம்.

பதில் இதுதான். நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாசல் ஒரு கணம் மூடிக்கொள்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு அந்த மூடல் தாமதமாகிறது. கெட்டியான உணவு மெதுவாக இறங்குவதால் வாசல் மூட அவகாசம் கிடைக்கிறது. தண்ணீர், தேநீர், மைலோ எல்லாம் சரசரவென்று ஓடி, வாசல் மூடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அப்படி நுரையீரலுக்குள் போவதால் நிமோனியா வரலாம். இன்னொன்று: எல்லோரும் இருமமாட்டார்கள். உணர்வு குறைந்த சிலருக்குச் சத்தமே இல்லாமல் உள்ளே போகும். குடித்த பிறகு குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஈரமாகக் கேட்பது, சாப்பாட்டுக்குப் பின் மூச்சு வாங்குவது, காரணம் தெரியாமல் அடிக்கடி காய்ச்சல் வருவது, இவைதான் அங்கே அடையாளம். இவ்வளவும் தெரிந்த பிறகு அதே ஐயாவின் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் கண் வேறு இடத்தைப் பார்க்கும், காது வேறு எதையோ கேட்கும்.

அடுத்து, யாரிடம் கேட்பது? முதலில் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கொடுத்த கடிதத்தை எடுத்துப் பாருங்கள். விழுங்குவதையும் கவனிக்கும் பேச்சு சிகிச்சையாளர் அவரைச் சோதித்திருந்தால், எந்த அளவு கெட்டியாகக் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருப்பார். பல இல்லங்களில் அந்தக் கடிதம் கோப்புக்குள் போய்விடுகிறது, சமையலறைக்கு வருவதில்லை. இப்போது இதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் அளவுமுறை இருக்கிறது. 'இட்சி' (IDDSI) என்று சொல்வார்கள். உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை பிரித்திருக்கிறார்கள். பானங்களுக்கு 0 முதல் 4 வரை. அதன் படங்களும் விளக்கமும் இணையத்தில் இலவசம்.

பானத்தைச் சோதிக்க அவர்கள் சொல்லும் முறைக்கு ஒரு 10 மில்லி சிரிஞ்சு போதும். ஊசி வேண்டாம். தள்ளுகோலை எடுத்துவிட்டு, கீழ் ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு, கெட்டியாக்கும் பவுடர் போட்டுக் கலக்கிய பானத்தை 10 மில்லி வரை ஊற்றுங்கள். விரலை எடுத்துப் 10 விநாடி ஓட விட்டு, மறுபடி அடையுங்கள். 1 மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது வெறும் தண்ணீர் வகை, அளவு 0. 1 முதல் 4 வரை மிஞ்சினால் அளவு 1. 4 முதல் 8 வரை என்றால் அளவு 2. 8-க்கு மேல் மிஞ்சி, கொஞ்சமாவது ஒழுகினால் அளவு 3. ஒழுகவே இல்லை என்றால் அதை ஸ்பூனிலும் முள்கரண்டியிலும் வைத்துப் பார்க்கும் முறை தனியாக இருக்கிறது. சிரிஞ்சின் 0-விலிருந்து 10 வரையான கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். வேறு நீளச் சிரிஞ்சில் கணக்கு மாறும்.

இதை உங்கள் இல்லத்தில் மூன்று பேரிடம் கெட்டியாக்கும் பவுடர் போட்டு மைலோ கலக்கச் சொல்லிச் செய்து பாருங்கள். எல்லோரும் "ரெண்டு ஸ்பூன் பவுடர்தான் போட்டேன்" என்பார்கள். கப் அளவு வேறு, ஸ்பூன் குவிப்பு வேறு, கலக்கிய பிறகு வைத்திருந்த நேரம் வேறு. மாவுச்சத்தால் செய்த கெட்டியாக்கும் பவுடர் நேரம் ஆக ஆக இன்னும் இறுகும். சூட்டோடு இருக்கும்போது ஓர் அளவு, ஆறியபின் வேறு அளவு. அதனால் எந்தச் சூட்டில் ஐயாவுக்குக் கொடுக்கப் போகிறீர்களோ, அந்தச் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். ஒரு மத்தியான வேளையில், சமையலறை மேசையில், செலவே இல்லாமல் நடந்த இந்தப் பாடத்தை ஒரு நாள் முழுக்க ஹோட்டல் ஹாலில் உட்கார்ந்து கேட்கும் கோர்ஸிலும் இவ்வளவு தெளிவாகப் பெற முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஒரு எச்சரிக்கை. எந்த அளவு கொடுப்பது என்று முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை. அது பேச்சு சிகிச்சையாளருடையது. சொன்ன அளவில் சரியாகக் கலக்குவது, நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டுவது, ஊட்டியதும் உடனே படுக்க வைக்காமல் இருப்பது, மாற்றம் தெரிந்தால் சொல்வது, இவை உங்கள் வேலை. கெட்டியாக்கியதும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. பலருக்கு அந்தச் சுவையே பிடிக்காது, குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள், உடம்பில் நீர் வற்றும். ஆகவே ஒரு நாளைக்கு எவ்வளவு குடித்தார் என்று குறித்து வைப்பதும் இதே பாடத்தின் அடுத்த பக்கம். பக்கவாதத்துக்குப் பின்னான பராமரிப்பைப் பற்றி மேலும் கேட்க 1996-இல் தொடங்கிய தேசிய பக்கவாதச் சங்கம் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறது. தொலைபேசியில் கேட்கத் தயங்க வேண்டாம்.

இதே வழியில் இன்னொன்று, சுருக்கமாக. நம் ஆட்களிடம் சர்க்கரை நோய் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு அது இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு பாட்டிக்குக் காலைச் சாப்பாடு தாமதமாகி, வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் என்ன செய்வீர்கள்? இரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அதைச் சோதித்துப் பார்த்து 3.9 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், நன்றாக விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். பலர் இங்கே பால் ஊற்றிய கெட்டி மைலோவோ சாக்லேட்டோ கொடுப்பார்கள். கொழுப்பு இருப்பதால் அந்தச் சர்க்கரை இரத்தத்துக்குப் போகத் தாமதமாகும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999-ஐ அழைக்க வேண்டும். இந்த 'ஏன்' தெரிந்தவர் அவசரத்தில் தடுமாறமாட்டார்.

படிக்கும் பொருள் எங்கே கிடைக்கும் என்றால், தட்டுப்பாடு இல்லை. நம் சுகாதார அமைச்சின் மருத்துவ வழிகாட்டி நூல்கள் அமைச்சின் இணையப் பக்கத்தில் இலவசமாக இருக்கின்றன. டாக்டர்களுக்காக எழுதியவைதான், ஆனாலும் பின்பக்க இணைப்புகளில் உள்ள அட்டவணைகள் எளிமையானவை. மேலே சொன்ன 15 கிராம் கணக்கெல்லாம் அப்படிப்பட்ட இடத்தில்தான் கிடைக்கும். கை கழுவுதல், தொற்றுத் தடுப்பு பற்றி உலகச் சுகாதார நிறுவனம் இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது. கடைசிக் காலப் பராமரிப்பு பற்றித் தெரிந்துகொள்ள 1991 முதல் கோலாலம்பூரில் நடக்கும் ஹோஸ்பிஸ் மலேசியாவை அணுகலாம். முதலுதவிக்கும், நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் பயிற்சிக்கும் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் இருக்கின்றன. இந்த ஒன்றை மட்டும் வீடியோ பார்த்துக் கற்காதீர்கள். பொம்மையின் நெஞ்சை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திப் பார்த்தவருக்குத்தான் அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று தெரியும்.

யூடியூப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தமிழில் நல்ல மருத்துவர்கள் பேசுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துப் பேசுவார்கள். மருந்தின் பெயர் வேறு, சர்க்கரை அளவைச் சொல்லும் முறையே வேறு. அங்கே 70, 180 என்பார்கள். அதே அளவுகளை இங்கே நம் கருவி 3.9, 10 என்று காட்டும். இதைக் குழப்பிக்கொண்டால் ஆபத்து. வீடியோவில் பார்த்ததை உங்கள் இல்லத்துத் தாதியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

படித்தது மனதில் நிற்பதற்கு ஒரு வழி இருக்கிறது. 2006-இல் அமெரிக்காவில் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகினார்கள். ஒரு வாரம் கழித்து, வாசித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பழகியவர்களுக்குச் சுமார் 61 சதவீதம். திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்குத்தான் தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கை அதிகம் இருந்தது என்பது வேடிக்கை. ஆகவே ஒரு பக்கம் வாசித்தால் மூடி வையுங்கள். கூட வேலை செய்பவரிடம் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே மட்டும் மறுபடி வாசித்தால் போதும். துணி மடிக்கும் நேரத்தில் செய்யலாம், தனி நேரம் தேவையில்லை.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். நமக்கு எவ்வளவு தெரியும் என்று நாமே எடை போட்டால் அது சரியாக இருப்பதில்லை. இது உங்களைக் குறித்து மட்டும் இல்லை. டாக்டர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதையும், வெளியாள் பார்த்து அளந்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 20 ஒப்பீடுகளில் 13-இல் இரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவாகவோ, இல்லாமலோ, நேர்மாறாகவோ இருந்தது. திறமை குறைந்தவர்களும், நம்பிக்கை மிக அதிகமாக இருந்தவர்களும்தான் தங்களைப் பற்றி அதிகம் தப்பாகக் கணித்திருந்தார்கள். டாக்டர்களுக்கே இப்படி என்றால் நமக்கு எப்படி இருக்கும்?

ஆகவே கற்ற ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும். உங்கள் இல்லத்துக்குப் பதிவு பெற்ற தாதி எந்த நாளில் வருகிறார், பிசியோ எப்போது வருகிறார் என்று பாருங்கள். "சிஸ்டர், இவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றப் போகிறேன், ரெண்டு நிமிஷம் நின்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "இதை எப்படிச் செய்வது?" என்று கேட்டால் அவர் ஒரு விரிவுரை கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நீங்கள் செய்ய, அவர் பார்க்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும், குறிப்பாக நான்கு வருடம் வேலை செய்துவிட்டு இதைப் போய்க் கேட்பதா என்று தோன்றும். நான் வார்டில் இருந்தபோது இப்படிக் கேட்டவர்களை ஒருநாளும் தாழ்வாக நினைத்ததில்லை. கேட்காதவர்களைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறேன்.

நீங்களாகப் பார்த்துப் பழகவே கூடாத வேலைகளும் உண்டு. மூக்கு வழியாக டியூப் போடுவது, அது வயிற்றில்தான் இருக்கிறதா என்று தீர்மானிப்பது, சளி உறிஞ்சுவது, சிறுநீர் டியூப் மாற்றுவது, இன்சுலின் அளவைக் கூட்டிக் குறைப்பது. இவற்றை யாராவது "சும்மா செய், நான் சொல்றேன்" என்றாலும் முடியாது என்று சொல்லுங்கள். டியூப் நுரையீரலுக்குப் போய், அதில் பால் ஊற்றினால் உயிர் போகும். பதிவு பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலையை உங்கள் தலையில் கட்டுவதற்கு 'சுயமாகக் கற்றுக்கொள்' என்ற பேச்சு ஒரு சாக்காகிவிடக் கூடாது.

உங்கள் முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீயே படித்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஓர் இல்லம் கையைக் கழுவ முடியாது. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளியின் பாதுகாப்புக்குத் தேவையான தகவல், பயிற்சி, மேற்பார்வை தருவது முதலாளியின் கடமை என்று 15-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அந்தச் சட்டத்தை ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரித்திருக்கிறது. 80 கிலோ எடையுள்ள ஒருவரைத் தூக்குவது, இரத்தம் பட்ட ஊசியைக் கையாள்வது எல்லாம் உங்கள் முதுகையும் உடம்பையும் பாதிக்கிற விஷயங்கள். இவற்றை முறையாகச் சொல்லித் தர வேண்டும். உங்கள் சொந்த முயற்சி இதற்கு மேலே சேர்வது.

காசு இல்லை என்றால், இன்னொன்று கேளுங்கள். பத்து அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர்கள் உள்ள தனியார் நிறுவனங்கள் பொதுவாக மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குச் சம்பளத்தில் 1 சதவீதம் லெவி கட்டுகின்றன. அந்தப் பணம் தொழிலாளர் பயிற்சிக்காகவே ஒதுக்கி வைப்பது. உங்கள் இல்லம் கட்டுகிறதா, அதிலிருந்து யாருக்காவது பயிற்சி எடுத்திருக்கிறார்களா என்று பணிவாகவே கேட்கலாம். ஆள் பற்றாக்குறை உண்மை என்று எனக்குத் தெரியும். ஷிப்ட் மாறும்போது அடுத்தவர்களிடம் நிலவரம் சொல்லி ஒப்படைக்கும் பாஸ் ஓவர் முடிந்ததும் பத்து நிமிடம், ஒரு ஐயாவையோ பாட்டியையோ பற்றி ஒரே ஒரு கேள்வியை எல்லோரும் பேசினால் அதற்கு ஆள் குறையாது, காசும் ஆகாது. இதைச் செய்யும் மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இல்லங்களில் பிரச்சினை முற்றுவதற்கு முன்பே யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறார்கள்.

மதிப்பு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நேர்மையாகச் சொன்னால், வீட்டில் படித்தேன் என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. எழுதி வைத்ததற்கு உண்டு. நம் நாட்டில் மலேசியத் திறன் சான்றிதழ் பெறப் பயிற்சி மையத்தில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்பதில்லை. முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் வழி ஒன்று இருக்கிறது, மலாயில் சுருக்கமாக 'பி.பி.டி.' என்பார்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் திறன் மேம்பாட்டு இலாகா இதை நடத்துகிறது. உங்கள் வேலைக்கு ஒத்த தரநிலை எது என்று இலாகாவிடம் கேட்டு வாங்கி, அதில் சொல்லியிருக்கும் ஒவ்வொரு வேலையையும் நீங்கள் செய்ததற்கான சான்றுகளைக் கோப்பாக அடுக்கித் தர வேண்டும். மதிப்பீட்டாளர் அதைப் பார்த்துச் சோதிப்பார். அந்தக் கோப்பை இன்றைக்கே தொடங்கினால், இன்னும் ஓராண்டில் கையில் ஏதோ இருக்கும். கடைசி மாதத்தில் உட்கார்ந்து எழுதினால் எல்லாம் மறந்துபோயிருக்கும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தச் சான்றிதழ் உங்களைப் பதிவு பெற்ற தாதியாக்காது. அதற்குத் தாதிமைக் கல்வி, தாதியர் வாரியத்தின் தேர்வு என்று வேறு பாதை. ஏற்கெனவே தாதியாக இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்கள் ஆண்டுச் சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும் என்பதை அறிவார்கள். புள்ளிக்காக வருகைக் கையெழுத்து போட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன், மனதுக்கு வருத்தமாக இருக்கும். பயிற்சிக் கூட்டங்களால் மட்டும் வேலைமுறையில் வரும் முன்னேற்றம், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சுமார் 6 சதவீதம்தான். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் வார்டிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போனால் அதே இரண்டு மணி நேரம் வேறு மாதிரிப் பயன்படும்.

கோப்பில் என்ன எழுதுவது? ஐம்பது காசு நோட்டுப் புத்தகமே போதும். அன்று என்ன பார்த்தேன், எது புரியவில்லை, யாரிடம் அல்லது எதில் கேட்டேன், அடுத்த ஷிப்டில் என்ன மாற்றிச் செய்தேன். தேதி போடுங்கள். செய்ததைப் பார்த்த தாதியிடம் பக்கத்தில் ஒரு கையெழுத்து வாங்குங்கள். தமிழில் எழுதலாம், மலாய் கலந்தும் எழுதலாம், யோசனை எந்த மொழியில் ஓடுகிறதோ அதில் எழுதினால்தான் உண்மை வரும். சான்றுக்காகக் கொடுக்கும்போது மலாயில் மாற்றிக்கொள்ளலாம். முதியவரின் பெயர், அடையாள அட்டை எண், அறை எண் எதுவும் எழுதக் கூடாது. '78 வயது ஐயா' என்றால் போதும். புண்ணைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு "இது என்ன?" என்று கேட்காதீர்கள். ஒருவரின் உடல்நலத் தகவல் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கூடுதல் பாதுகாப்புப் பெற்றது. சட்டத்தை விடுங்கள், நம் அம்மாவின் முதுகுப் புண் ஊரெல்லாம் சுற்றினால் நமக்கு எப்படி இருக்கும்?

எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதற்கு நான் கணக்குச் சொல்லமாட்டேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து எல்.ஆர்.டி. ஏறி வீட்டுக்குப் போய் சமைப்பவரிடம் தினம் ஒரு மணி நேரம் படி என்று சொல்வது நியாயமில்லை. வாரத்துக்கு ஒரு கேள்வி, அது போதும். இரவு ஷிப்ட் வாரத்தில் அதுவும் வேண்டாம், தூங்குங்கள்.

கடைசியாக, மைலோ விஷயம் உங்கள் இல்லத்தில் இல்லையென்றால் எந்தக் கேள்வியில் தொடங்குவது? படுக்கையிலேயே இருக்கும் ஒருவரின் குதிகாலில் தொடங்குங்கள். படுக்கைப் புண் ஆரம்பத்தில் சிவந்து தெரியும், விரலால் அழுத்தினால் வெளுக்காது என்று பாடத்தில் இருக்கும். அது வெளிர் தோலுக்குச் சரி. நம் தாத்தா பாட்டிகளின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியவே தெரியாது, அதனால் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, அல்லது குளிர்ந்திருக்கிறதா? தொட்டால் இறுகியோ, கொழகொழவென்றோ இருக்கிறதா? சுற்றியிருக்கும் தோலைவிடக் கருநீலமாகத் தெரிகிறதா? தொடும்போது முகம் சுளிக்கிறாரா? இரண்டு குதிகாலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம், அது உள்ளே இருக்கும் சதையை இன்னும் கெடுக்கும். தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் அதன் நீளம் முழுக்க வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கிவிட்டு, அன்றைய பாஸ் ஓவரிலேயே சொல்லிவிடுங்கள்.